தாயின் வயதும் மகப்பேறும்

பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் அவ்வேழனையும் உலா இலக்கியம் பயிலும் மாணவர் நன்கறிவர். நூலுக்கு நூல் வயதெல்லையில் சிறு வேறுபாடு உண்டெனினும், 14 முதல் 19 வரை மடந்தை, 20 முதல் 25 வரை அரிவை, 26 முதல் 31 வரை தெரிவை, 32 முதல் 40 வரை பேரிளம்பெண் என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. இப்பகுப்பு மருத்துவம் கருதி எழுந்ததன்று; தலைவனின் பவனியைக் காணும் மகளிரை வரிசைப்படுத்தப் புலவர்கள் கைக்கொண்டது. ஆயினும், காலம் பெண்ணின் உடலில் படிப்படியாக மாற்றம் செய்கின்றது என்னும் உணர்வு அதனுள் பொதிந்து கிடக்கின்றது.

அம்மாற்றம் மகப்பேற்றை எவ்வாறு பாதிக்கின்றது? எந்த வயது ஏற்றது? எந்த வயதில் எவ்வகை இடர்கள் நேரும்? இவ்வினாக்கள் நம் இல்லங்களில் நாள்தோறும் எழுகின்றன. அவற்றிற்குக் கிடைக்கும் விடைகளோ பெரும்பாலும் அச்சத்தின்பாற்பட்டவை, அல்லது அசட்டையின்பாற்பட்டவை. முப்பது கடந்தவளை 'இனி இவளுக்கு எங்கே' என்று பேசும் அதே வாய், பதினேழு வயதுப் பெண்ணின் சூலை 'நல்ல காலம்' என்று வாழ்த்துகின்றது. இவ்விரு கூற்றுகளையும் மருத்துவ அறிவின் துணைகொண்டு ஆராய்வதும், ஒரு தாயின் வயதை உண்மையில் தீர்மானிப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முட்டையின் வயது

ஆணின் உடலில் விந்தணுக்கள் நாள்தோறும் புதியனவாய் உருவாகின்றன. பெண்ணின் நிலை வேறு. அவளுடைய கருமுட்டைகள் அனைத்தும் அவள் பிறக்குமுன்பே தோன்றிவிடுகின்றன. தாயின் வயிற்றில் ஐந்து மாதப் பெண் கருவாக இருக்கும்போது அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமாகவும், பூப்பெய்தும் காலத்தில் 3 முதல் 4 இலட்சமாகவும் அது குறைந்துவிடுகின்றது. இவற்றுள் முதிர்ந்து வெளிப்படுபவை வாழ்நாள் முழுமைக்கும் ஏறத்தாழ நானூறே. ஏனையவை தாமே அழிகின்றன. இருப்புத் தீரும் நிலையில் மாதவிடாய் நிற்கின்றது. இந்தியப் பெண்களிடம் இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கின்றது. நாம் ஒவ்வொருவரும் எந்த முட்டையிலிருந்து தோன்றினோமோ, அது நம் தாய் நம் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே உருவாயிற்று என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கும் செய்தி.

எண்ணிக்கை குறைவது ஒருபுறமிருக்க, தன்மை மாறுவது மறுபுறம். கருமுட்டை தன் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பகிர வேண்டும். அப்பகிர்வு பெண் பிறக்குமுன்பே தொடங்கி, இடையில் நின்றுவிடுகின்றது. பல்லாண்டுகள் கழித்து, அம்முட்டை வெளிப்படும் மாதத்தில்தான் அது மீண்டும் தொடர்கின்றது. இருபது வயதுப் பெண்ணின் முட்டை இருபதாண்டும், நாற்பது வயதுப் பெண்ணின் முட்டை நாற்பதாண்டும் இவ்வாறு காத்திருந்தவை. குரோமோசோம் இணைகளைப் பிணைத்து நிற்கும் புரதக் கட்டுகள் இக்காத்திருப்பில் தளர்கின்றன. பெட்டியில் பல்லாண்டு மடித்து வைத்த பட்டுச் சேலை மடிப்போரத்தில் நைந்து போவதை இதற்கு ஒப்பிடலாம். கட்டுத் தளரவே பகிர்வு பிழைபடுகின்றது. ஒரு முட்டைக்கு ஒரு குரோமோசோம் மிகுதியாகவோ குறைவாகவோ சென்று சேர்கின்றது. இத்தகைய கருக்களுள் மிகப் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே சிதைந்துவிடுகின்றன. வயது ஏற ஏறக் கருத்தரிப்பு அரிதாவதற்கும் கருச்சிதைவு மிகுவதற்கும் தலையாய காரணம் இதுவே.

நார்வே நாட்டில் 2009 முதல் 2013 வரை நிகழ்ந்த கருத்தரிப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. 25 முதல் 29 வயதுவரை உள்ள பெண்களிடம் கருச்சிதைவு மிகக் குறைவு. அதாவது 10 விழுக்காடு. முப்பதுக்குப் பின் அது விரைந்து ஏறி, 45 வயதைக் கடந்தோரிடம் 53 விழுக்காட்டை எட்டுகின்றது. இருபதுக்குக் கீழ்ப்பட்டோரிடமும் அது 25 வயதினரைவிட மிகுதியாக இருந்தது என்பது நாம் கருதத்தக்கது.

டவுன் சிண்ட்ரோமும் எண்களின் பொருளும்

பிழைபட்ட பகிர்விலிருந்து பிழைத்துப் பிறக்கும் குழந்தைகளுள் மிகுதியாகக் காணப்படுவது டவுன் சிண்ட்ரோம் உடைய குழந்தை. 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விவரித்தார். இதற்குத் தொடர்புடையது தாயின் வயதே, தந்தையின் வயதன்று என்பதை 1933இல் லயனல் பென்ரோஸ் புள்ளிவிவரங்களால் நிறுவினார். 21ஆம் குரோமோசோம் இரண்டாக இராமல் மூன்றாக இருப்பதே காரணம் என்பது 1959இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களால் வெளிப்பட்டது.

இக்குழந்தை பிறக்கும் வாய்ப்பு, தாய்க்கு 20 வயதெனில் ஏறத்தாழ 1500 பேறுகளில் ஒன்று. 30 வயதில் 900இல் ஒன்று. 35இல் 350இல் ஒன்று. 40இல் 100இல் ஒன்று. 45இல் 30இல் ஒன்று. இவ்வெண்களை இருவகையாகப் படிக்கலாம். '20 வயதைக் காட்டிலும் 40 வயதில் பதினைந்து மடங்கு' என்பது ஒருவகை. '40 வயதுத் தாய்மார் நூற்றுவருள் தொண்ணூற்றொன்பதின்மருக்கு இக்குறை இல்லாத குழந்தை பிறக்கும்' என்பது மற்றொரு வகை. இரண்டும் உண்மையே. முன்னதை மட்டும் கூறின் அச்சம் விளையும். பின்னதை மட்டும் கூறின் அசட்டை விளையும். இரண்டையும் சேர்த்துக் கூறுவதே அறிவுடைமை. மேலும், இளம் தாய்மாரே மிகுதியாகப் பிள்ளை பெறுவதால், டவுன் சிண்ட்ரோம் உடைய குழந்தைகளுள் பெரும்பகுதியினர் இளம் தாய்மாருக்குப் பிறந்தவர்களே. ஆதலின் அத்தகைய குழந்தையைப் பெற்ற தாயை நோக்கி 'காலம் கடந்து பெற்றாள்' என்று பழி கூறுவது இரக்கமற்றது மட்டுமன்று, பெரும்பாலும் பொய்யுமாகும். உறவுமுறைத் திருமணத்தால் மிகும் பரம்பரை நோய்கள் வேறு. இது வேறு என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்க.

முப்பத்தைந்து என்னும் கோடு

மருத்துவமனைகளில் 35 வயதைக் கடந்த கர்ப்பிணியைத் தனித்துக் குறித்துக் கொள்வது வழக்கம். இக்கோடு எங்கிருந்து வந்தது? பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் முறை பரவியபோது, அச்சோதனையால் கரு சிதையும் வாய்ப்பும், குரோமோசோம் குறை காணப்படும் வாய்ப்பும் ஏறத்தாழச் சமமாகும் வயதாக 35 கொள்ளப்பட்டது. நம் நாட்டில் கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்த 1994ஆம் ஆண்டுச் சட்டமும், மரபுக்குறை அறியும் சோதனையை அனுமதிக்கும் நிலைமைகளுள் தாய்க்கு 35 வயது கடந்திருத்தலை ஒன்றாக வைத்துள்ளது.

எனவே 35 என்பது மருத்துவர் தம் வசதிக்காக இட்ட அடையாளக் கல்லேயன்றிப் பாதாளத்தின் விளிம்பன்று. முப்பத்துநான்கு வயது பதினொரு மாதத்தில் நலமாயிருந்த பெண் மறுமாதம் நலமிழந்துவிடுவதில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் சரிவு மெல்லத் தொடங்குகின்றது. 35க்குப் பின் சற்று விரைகின்றது. 40க்குப் பின் செங்குத்தாகின்றது. சரிவில் நடப்பவர்க்கு வேண்டுவது எச்சரிக்கையும் துணையும்.

முதிர் வயதில் உடல் ஏற்கும் சுமை

முட்டையின் செய்தி இது. இனித் தாயின் உடல் நிலையைக் காண்போம். கர்ப்பகாலத்தில் இதயம் மிகுதியான குருதியை இறைக்க வேண்டியுள்ளது. கணையம் மிகுதியான இன்சுலினைச் சுரக்க வேண்டியுள்ளது. வயது கூடுந்தோறும் இவ்வுறுப்புகளின் கையிருப்பு குறைகின்றது. ஆதலின் கர்ப்பகால நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கருப்பையின் வாயில் தங்குதல், குறைமாதப் பேறு, சிசேரியன் அறுவை ஆகியவை முப்பத்தைந்துக்குப் பின் மிகுகின்றன. குழந்தை வயிற்றிலேயே இறத்தலும் மிகுகின்றது. பிரிட்டனில் மகப்பேற்று மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, 39, 40ஆம் வாரங்களில் இவ்வாறு இறக்கும் வாய்ப்பு 35க்குட்பட்ட தாய்மாரிடம் ஆயிரத்தில் ஒன்று. 40ஐக் கடந்தவரிடம் ஆயிரத்தில் இரண்டு. இருமடங்கு என்பது மெய். ஆயிரத்தில் 998 பேர் நலமே பெறுவர் என்பதும் மெய். அந்த இருவரைக் காக்கவே மருத்துவர்கள் இறுதி வாரங்களில் கூடுதல் கண்காணிப்பை வலியுறுத்துகின்றனர்.

இவற்றுள் பெரும்பாலானவை முன்னறிந்து அடக்கத்தக்கவை. கர்ப்பகால நீரிழிவை எளிய முறையில் கண்டறியும் வழியை நம் நாட்டில் பரப்பிய பெருமை சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேஷையாவைச் சாரும். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராம் அளவை எட்டினால் நீரிழிவு எனக் கொள்வது அம்முறை. அதற்கு வெறும் வயிற்றுடன் வர வேண்டியதில்லை. தொலைவிலிருந்து பேருந்தேறி வரும் ஏழைக் கர்ப்பிணிக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இளம் வயதின் இடர்

முதிர்ந்த வயதைப் பற்றிப் பேசும் அளவுக்கு இளம் வயதைப் பற்றி நாம் பேசுவதில்லை. பூப்பெய்திய உடல் கருத்தரிக்க வல்லது. ஆயின் கருத்தரிக்க வல்லதெல்லாம் பெற்றெடுக்க ஆயத்தமானதன்று. பெண்ணின் இடுப்பெலும்பு பூப்புக்குப் பின்னும் பல்லாண்டுகள் அகன்று வளர்கின்றது. 25 முதல் 30 வயதுவரை உள்ள காலத்தில்தான் அது மகப்பேற்றுக்கு மிக ஏற்ற வடிவத்தை அடைகின்றது என்று 2016இல் ஜூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டுள்ளனர். இருபதுக்கு உட்பட்ட தாய்க்குத் தன் உடல் வளர்ச்சிக்கும் உணவு வேண்டும். கருவின் வளர்ச்சிக்கும் வேண்டும். ஒரே கலத்துச் சோற்றை இருவர் பங்கிடும் நிலை அது. 20 முதல் 24 வயதுவரை உள்ளவரைக் காட்டிலும் இருபதுக்குட்பட்ட தாய்மாருக்குச் சூல்வலிப்பும், பேற்றுக்குப் பின் கருப்பையில் நோய்த்தொற்றும் மிகுதி என்றும், அவர்தம் குழந்தைகள் எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறத்தல் மிகுதி என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது.

நம் மாநிலத்தின் நிலை என்ன? 2019–21 ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களுள் 12.8 விழுக்காட்டினர் 18 வயது நிறையுமுன் மணம் முடிக்கப்பட்டவர்கள். 15 முதல் 19 வயதுவரை உள்ளோருள் 6.3 விழுக்காட்டினர் அக்கணக்கெடுப்பின்போதே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தனர். 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர். இரத்தச்சோகையும் இளம் வயதும் ஒன்றுகூடினால், பேற்றின்போது ஏற்படும் சாதாரணக் குருதியிழப்பும் உயிர்க்கு ஊறாகும்.

இச்செய்தி இக்கால மருத்துவரின் புதுக் கண்டுபிடிப்பன்று. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இஸ்லாமியப் பேரறிஞர் இப்னு ஸீனா, தம் 'கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில், மகப்பேற்றில் உயிருக்கு அஞ்சத்தக்க இளம் பெண்ணுக்குக் கருத்தரிப்பைத் தவிர்க்க மருத்துவர் வழிசெய்ய நேரும் என்பதைக் கூறியுள்ளார். ஆயிரமாண்டுக்கு முன்பே நம் முன்னோர் உணர்ந்திருந்ததை நாம் மறத்தல் தகாது.

தந்தையின் வயது

டவுன் சிண்ட்ரோமில் தந்தையின் வயதுக்குப் பெரும் பங்கில்லை எனினும், ஆண்மகனுக்கு வயதே இல்லை என்று கருதுதல் தவறு. விந்தணுக்கள் ஓயாது படியெடுக்கப்படுபவை. படியெடுக்குந்தோறும் எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. தந்தையின் வயதில் ஓராண்டு கூடுந்தோறும் ஏறத்தாழ இரண்டு புதிய மரபுப் பிழைகள் குழந்தையிடம் கூடுகின்றன என ஐஸ்லாந்து நாட்டு ஆய்வு 2012இல் காட்டிற்று. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில, எலும்பு வளர்ச்சிக் குறை போன்ற அரிய நோய்களுக்குக் காரணமாகின்றன. குழந்தையில்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்து ஆணின் குறையும் பங்குபெறுகின்றது. விந்தணுச் சோதனை எளியது, செலவு குறைந்தது, வலியற்றது. ஆயினும் பெண்ணை ஊர் ஊராக மருத்துவரிடம் அழைத்துச் சென்ற பின்னரே ஆணைச் சோதிக்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை.

செயற்கைக் கருத்தரிப்பும் மார்க்க வரம்பும்

'இப்போதுதான் சோதனைக்குழாய்க் குழந்தை வந்துவிட்டதே. வயதைப் பற்றி ஏன் கவலை?' என்று கேட்போர் உளர். 1978இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது முதல் இம்முறை எண்ணற்ற இல்லங்களில் விளக்கேற்றியுள்ளது. ஆயின் இம்முறை முட்டையின் வயதைக் குறைப்பதில்லை. 2019இல் ஆந்திர மாநிலம் குண்டூரில் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார் என்னும் செய்தியைப் பலரும் படித்திருப்பர். அம்முட்டை வேறொரு பெண் அளித்தது என்பதைப் படித்தோர் சிலரே. 2021ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இத்தகைய மருத்துவம் பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும் ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயதெல்லை வகுத்துள்ளது.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இதில் மற்றுமொரு கருத்தும் உண்டு. 1980ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் எகிப்தின் பெருமுப்தி ஷைகு ஜாதுல் ஹக் வழங்கிய தீர்ப்பு, மண உறவு நிலவும் காலத்தில் கணவனின் வித்தும் மனைவியின் முட்டையும் சேர்வதை ஆகும் எனவும், மூன்றாமவரின் வித்தோ முட்டையோ ஆகாது எனவும் உரைத்தது. சுன்னத் ஜமாஅத் அறிஞர் பெரும்பாலோர் இக்கருத்தினரே. எனின், பிறர் முட்டையை நாடாத ஒரு முஸ்லிம் பெண்ணுக்குத் தன் முட்டையின் வயதே இறுதி வரம்பாகின்றது. நாற்பத்துமூன்று வயதில் மருத்துவரை அணுகினால் அவர் கூறக்கூடியது மிகக் குறைவு. முப்பத்துமூன்றில் அணுகியிருப்பின் கூறக்கூடியது மிகப் பல. காலத்தை வீணாக்காமை நமக்குப் பிறரினும் இன்றியமையாதது.

வயதைத் தீர்மானிப்பவர் யார்?

இதுகாறும் கூறியவற்றால் மகப்பேற்றுக்கு இருபதுகளும் முப்பதுகளின் முற்பகுதியும் ஏற்ற காலம் என்பது விளங்கும். ஆனால் இவ்வறிவைப் பெண்ணிடம் மட்டும் கூறிப் பயனென்ன? நம் ஊர்களில் ஒரு பெண் எப்போது தாயாகின்றாள் என்பதை அவளா முடிவு செய்கின்றாள்?

கல்லூரியில் இரண்டாமாண்டு பயிலும் மாணவி, நல்ல இடம் வந்தது என்று படிப்பை நிறுத்தி மணம் முடிக்கப்படுகின்றாள். அவ்வாண்டே பிள்ளைப்பேறு எதிர்பார்க்கப்படுகின்றது. இளம் வயதின் இடர் அவள் தேடிக்கொண்டதன்று.

மற்றொருத்தியின் நிலை இதற்கு நேர்மாறு. அவளுடைய தந்தை கைக்கூலி கொடுக்க வகையற்றவர். மஹர் கொடுத்து மணம் முடிக்க வேண்டிய மார்க்கத்தில், ரொக்கமும் நகையும் கேட்டு நிற்கும் மாப்பிள்ளை வீட்டாருக்காக அவள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றாள். முப்பத்துமூன்றில் ஒருவாறு நிக்காஹ் நடக்கின்றது. முப்பத்தைந்தில் அவள் கருத்தரிக்கவில்லையெனில் 'வயதான பெண்ணைக் கட்டி வைத்தார்கள்' என்னும் பேச்சு எழுகின்றது. அவளை முதிர்கன்னியாக்கியவர்களே அவள் முதிர்ச்சியைக் குற்றமாகச் சாற்றுகின்றனர்.

மூன்றாமவள் சபுராளியின் மனைவி. கணவர் வளைகுடா நாட்டில் பணி செய்கின்றார். ஈராண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு எனக் கொண்டால், மணமாகி ஆறாண்டில் இருவரும் உடனுறைந்த காலம் ஆறு மாதம். ஓராண்டுக் காலம் உடனுறைந்தும் கருத்தரிக்கவில்லையாயின் குழந்தையின்மை எனக் கருதிச் சோதனை தொடங்குவது பொதுவான மருத்துவ முறை. 35 வயதைக் கடந்தவர்க்கு ஆறு மாதம். ஊராரின் கணக்கில் ஆறாண்டு. மருத்துவரின் கணக்கில் அரையாண்டு. இவ்வேறுபாட்டை உணராமல் அவளுக்கு 'மலடி' எனப் பெயரிட்டு, மறுமணம் குறித்துப் பேசத் தொடங்குவது எத்துணைப் பெரிய அநீதி! அதே வேளையில், ஒவ்வொரு விடுப்பும் கைநழுவ, அவளுடைய வயதும் கூடிக்கொண்டே போகின்றது என்பதும் மறுக்கவியலாத உண்மை.

இம்மூவரின் வயதும் மருத்துவமனைச் சீட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே எழுதப்படுகின்றது. ஆனால் அவ்வயதை வரவழைத்தவை குடும்பத்தின் அவசரம், சமுதாயத்தின் பேராசை, பிழைப்பின் நெருக்கடி ஆகியவையே.

'அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நாற்பதில் மணந்தும் மக்களைப் பெற்றார்களே' என்று சிலர் வினவலாம். பெருமானார் (ஸல்) அவர்களை மணந்தபோது அன்னையாரின் வயது 40 என்பது பரவலாக வழங்கும் கூற்று. 28 எனக் கூறும் அறிவிப்பும் உண்டு. அவர்கள் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம், மூத்த வயதினள் என்பதால் ஒரு பெண்ணின் மதிப்பு இம்மியும் குறையாது என்பதேயாகும். முதுமையில் மகப்பேறு வாய்த்த இப்ராஹீம் (அலை), ஸக்கரிய்யா (அலை) ஆகியோரின் இல்லங்களைப் பற்றித் திருமறையின் ஹூத், மர்யம் அத்தியாயங்கள் இறைவனின் தனிப்பெரும் அருளாகவே எடுத்துரைக்கின்றன. அவ்வருளை நம்புவது ஈமான். அதனைக் காரணம் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது ஈமானாகாது.

செய்யத்தக்கவை

வயது ஒன்றே விதியன்று என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 2018–20 ஆண்டுகளில் இலட்சம் உயிர்ப்பேறுகளுக்கு இறந்த தாய்மார் இந்தியா முழுமைக்கும் 97, தமிழகத்தில் 54, கேரளத்தில் 19. பெண்களின் உடலமைப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதில்லை. கல்வியும் உணவும் மருத்துவக் கவனிப்புமே மாறுகின்றன. ஆதலின் எந்த வயதிலும் செய்யத்தக்கவை பல உள.

இருபது வயது நிறையுமுன் கருத்தரிப்பைத் தவிர்த்தல் வேண்டும். ஒரு பேற்றுக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை; பாலூட்டலுக்குத் திருமறை குறிக்கும் நிறைவான காலமும் இரண்டாண்டே என்பது ஒப்புநோக்கத்தக்கது. குழந்தை வேண்டுவோர், கருத்தரிக்குமுன்பே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமில மாத்திரையைத் தொடங்கிக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் வரை உட்கொள்ளுதல் நன்று. முப்பத்தைந்து வயதை நெருங்கியோர் கருத்தரிக்குமுன் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றைச் சோதித்துக் கொள்ளல் வேண்டும். கருவுற்றது தெரிந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தலும், 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேன் எடுத்தலும் இன்றியமையாதவை.

கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கைகளும் வீங்குதல், குருதிப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும், விடியட்டும் என்றோ கணவர் தொலைபேசியில் பேசட்டும் என்றோ காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 ஊர்தி இரவிலும் வரும். இச்செய்தியைக் கர்ப்பிணியைவிட அவளுடைய மாமியாரும் கொழுந்தன்மாரும் அறிந்திருத்தல் நலம். முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

ஊர்ப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டில் மணமகளின் பிறந்த நாளைச் சான்றுடன் சரிபார்த்த பின்னரே நிக்காஹ் நடத்தலாம். கைக்கூலி பேசும் திருமணங்களில் பங்கேற்பதில்லை என முடிவெடுக்கலாம். பட்டப்படிப்பு முடியும்வரை மாணவியின் திருமணத்தைத் தள்ளிவைக்கப் பெற்றோருக்கு அறிவுரை கூறலாம். வெளிநாட்டில் பணியாற்றும் இளைஞரின் பெற்றோரிடம், குழந்தையின்மை குறித்துப் பேசுமுன் உடனுறைந்த மாதங்களை எண்ணச் சொல்லலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை.

நிறைவாக

தாயின் வயது மகப்பேற்றின் இடர்களை இருபுறமும் மிகுவிக்கின்றது. இளமையின் புறத்தில் உடல் நிறைவுறாமையாலும், முதுமையின் புறத்தில் முட்டை தளர்தலாலும் உறுப்புகளின் கையிருப்பு குறைதலாலும் இஃது நிகழ்கின்றது. இடர் படிப்படியாக ஏறுவது. கவனிப்பால் பெருமளவு குறைக்கத்தக்கது. இவ்வறிவு பெண்ணை அச்சுறுத்தப் பயன்படுமாயின் அது தன் நோக்கத்தில் தோற்றதாகும். அவளுடைய காலத்தை மதிக்க நமக்குக் கற்பிக்குமாயின் அது பயன் தந்ததாகும்.

இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியர் நாளை பெற்றோராவர். சிலர் ஜமாஅத்தை நடத்தும் பொறுப்பேற்பர். ஒரு பெண்ணின் வயதைக் குறித்து இழிவாகப் பேசும் அவையில், அவ்வயதுக்குக் காரணமானவர் யார் என்று கேட்கும் துணிவை அவர்கள் பெறுதல் வேண்டும். நம் இல்லங்களின் தாய்மார்க்கு நலமான பேற்றையும் நிறைந்த ஆயுளையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.